துணி எது, கருவி எது? சுங்கம் முன்னரே சொல்லட்டும்!

ஒரு பண்டத்துக்குப் பெயர் சூட்டும் அதிகாரம் எவரிடம் இருக்கின்றதோ, அப்பண்டத்தின் விலையை நிர்ணயிக்கும் அதிகாரமும் அவரிடமே இருக்கின்றது. சந்தையிலே விலை பேசுவோர் வாங்குவோரும் விற்போருமே என்று நாம் எண்ணியிருக்கின்றோம். ஆனால், கடல் கடந்து வரும் பொருளைப் பொறுத்தவரை, அவ்விருவரும் வாய் திறக்கு முன்னரே மூன்றாமவர் ஒருவர் பேசி முடித்துவிடுகின்றார். அவரே சுங்க அதிகாரி. "இது துணி" என்று அவர் சொன்னால் ஒரு தீர்வை. "இது கருவியின் துணைப்பொருள்" என்றால் வேறொரு தீர்வை. "இது இறப்பர்ப் பொருள்" என்றால் இன்னுமொரு தீர்வை. பொருள் மாறவில்லை, அதைச் செய்த கையும் மாறவில்லை. மாறியது பெயர் ஒன்றே. அந்தப் பெயருக்குரிய பணத்தை இறுதியிற் செலுத்துபவனோ, கண்டாவளையிலும் தருமபுரத்திலும் முரசுமோட்டையிலும் வாழும் எளிய குடிமகன்.

கணினி மேசையின் மேற் கிடக்கும் துணி விரிப்புக்கும் தூசு மறைக்கும் உறைக்கும் ஓர் ஆசிரியத் தலையங்கமா என்று வாசகர் சிலர் வினவக்கூடும். காணி, நீர், மொழி, அதிகாரம் என்று தமிழ் பேசும் மக்களின் முன் பெரும் பிரச்சினைகள் நிற்கும் வேளையில் இச்சிறு பொருள்களைப் பற்றி நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. பெரிய உரிமைகள் சிறிய காரியங்களிலேதான் சோதிக்கப்படுகின்றன. ஓர் அரசு தன் குடிமகனை எவ்வாறு நடத்துகின்றது என்பதை அறிய அதன் அரசியலமைப்பை மட்டும் படித்தாற் போதாது. அதன் தீர்வை அட்டவணையையும் படித்தல் வேண்டும்.

கண்டாவளைப் பகுதியிலே கணினி இன்று புதுமைப் பொருளன்று. பாடசாலைகளிலும் அரச காரியாலயங்களிலும் பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரத்துக் கடைகளிலும் அது குடியேறிவிட்டது. அயலில், கிளிநொச்சி அறிவியல் நகரிலே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இயங்குகின்றன. கணினி வந்தவிடத்து அதன் பரிவாரமும் உடன்வருதல் இயல்பே. சுட்டியின் கீழ் விரிக்கும் தட்டு ஒன்று. கடைக்காரர் அதனை 'மவுஸ் பாட்' என்பர். மணிக்கட்டைத் தாங்கும் சிறு திண்டு ஒன்று. தூசு படியாமல் மூடும் உறை ஒன்று. மடிக்கணினியைச் சுமக்கும் பை ஒன்று. நாற்காலியில் முதுகுக்கு அணைவாக வைக்கும் மெத்தை ஒன்று. இவை யாவும் துணியாலோ துணி போர்த்தோ செய்யப்பட்டவை. ஒரே மேசையைச் சூழ்ந்து கிடப்பவை. ஒரே கடையில், ஒரே அலமாரியில் விற்கப்படுபவை. ஆயினும், சுங்கத்தின் கண்ணுக்கு இவை ஒரு குடும்பத்தவையல்ல.

உலக நாடுகள் பண்டங்களை வகைப்படுத்துவதற்கெனப் பொது அட்டவணை ஒன்றை ஏற்றுள்ளன. எச்.எஸ். குறியீடு என்று வணிகர் அழைப்பது இதனையே. 1983 ஆம் ஆண்டு யூன் மாதம் பிரசெல்ஸ் நகரில் உருவான உடன்படிக்கையின் வழியாக, 1988 சனவரி 1 ஆம் திகதி இது நடைமுறைக்கு வந்தது. 21 பகுதிகளும் 97 அத்தியாயங்களும் கொண்ட இவ்வட்டவணையில், எதிர்காலத் தேவைக்கென 77 ஆம் அத்தியாயம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. உலகில் விற்று வாங்கப்படும் பொருள்களுள் நூற்றுக்கு 98 க்கு மேற்பட்டவை இதனுள் அடங்குகின்றன. முதல் ஆறு இலக்கங்கள் உலகுக்கெல்லாம் பொது. அவற்றுக்குப் பின்வரும் இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம். இலங்கை இரண்டு இலக்கங்களைச் சேர்த்து எட்டாக்கியுள்ளது. இந்த இரண்டு இலக்கங்களை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம்; பின்னர் அவற்றிடம் மீள்வோம்.

மேற்சொன்ன மேசைப் பொருள்களை இவ்வட்டவணையில் வைத்துப் பார்ப்போம். கணினி 84 ஆம் அத்தியாயத்துக்குரியது. அதன் பாகங்களுக்கும் துணைப்பொருள்களுக்கும் 8473 என்னும் தலைப்பு உண்டு. அப்படியாயின் உறையும் பையும் அங்கேயே சேரும் என்று நாம் நினைப்போம். ஆனால், அத்தலைப்பின் வாசகமே உறைகளையும் சுமக்கும் பைகளையும் வெளிப்படையாக விலக்குகின்றது. ஆகவே, துணியால் தைத்த தூசுறை, தைத்து முடிந்த ஏனைய துணிப் பொருள்களுடன் 63 ஆம் அத்தியாயத்துக்குச் செல்கின்றது. மடிக்கணினிப் பை, பிரயாணப் பெட்டிகளுடனும் கைப்பைகளுடனும் 42 ஆம் அத்தியாயத்திற் சேர்கின்றது. உள்ளே பஞ்சடைத்த முதுகணை, தலையணையுடனும் மெத்தையுடனும் 94 ஆம் அத்தியாயத்தில் இடம்பெறுகின்றது. ஒரு மேசையைச் சுற்றியிருந்த உறவினர் சுங்கத்தின் வாயிலில் நான்கு திசைக்கும் பிரிந்துபோகின்றனர்.

எஞ்சியது சுட்டித் தட்டு. வழக்கு இங்கேதான் தொடங்குகின்றது. அதன் மேற்புறம் மெல்லிய துணி. கீழ்ப்புறம் தடித்த இறப்பர். மேசையில் வழுக்காமற் பிடித்து நிற்பது இறப்பர். தட்டுக்குப் பருமனையும் பாரத்தையும் கொடுப்பதும் அதுவே. சுட்டி ஓடுவதோ துணியின் மேல். வாங்குபவன் தடவிப் பார்ப்பதும் அதன் மீதுள்ள சித்திரத்தைக் கண்டு விரும்புவதும் துணியையே. இது கணினியின் துணைப்பொருள் என்று வாதிப்போரும் உளர். தட்டில்லாமலும் சுட்டி ஓடுமே, இது எங்ஙனம் கருவிக்குத் துணையாகும் என்று மறுப்போரும் உளர். இத்தகைய கலப்புப் பொருளுக்கு அட்டவணையின் பொது விதிகள் மூன்று படிகளை வகுத்துள்ளன. மிகத் துல்லியமாகப் பொருளைச் சுட்டும் தலைப்பு முதலில் வெல்லும். அது கைகூடாவிடின், பொருளுக்கு அதன் இன்றியமையாத் தன்மையைக் கொடுக்கும் மூலப்பொருள் எதுவோ அதன் வழியே செல்ல வேண்டும். அதுவும் கைகூடாவிடின், போட்டியிடும் தலைப்புக்களில் எண் வரிசையிற் கடைசியில் நிற்பதே வெல்லும். இறப்பருக்குரியது 40 ஆம் அத்தியாயம். தைத்த துணிப் பொருளுக்குரியது 63 ஆம் அத்தியாயம். ஆகவே, இரண்டில் எது இன்றியமையாதது என்று துணிய முடியாதவிடத்து 63 வெல்லும். விதி தெளிவானதே. ஆனால், "இன்றியமையாத் தன்மை" எதிலிருக்கின்றது என்பதைத் துணிபவர் மனிதர். ஒருவர் பாரத்தை நோக்குவார். ஒருவர் பயனை நோக்குவார். ஒருவர் பெறுமதியை நோக்குவார். இரு அதிகாரிகள் ஒரே தட்டுக்கு இரு எண்களை எழுதுதல் இயலாததன்று.

இது எமது நாட்டுக்கு மாத்திரம் உரிய விநோதமன்று. தக்காளி பழமா, காய்கறியா என்ற வினாவை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1893 ஆம் ஆண்டிலே தீர்க்க வேண்டியிருந்தது. 1883 ஆம் ஆண்டின் தீர்வைச் சட்டப்படி பழத்துக்குத் தீர்வையில்லை. காய்கறிக்கு நூற்றுக்குப் பத்து. தாவரவியற்படி தக்காளி பழமே என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆனால், மக்கள் அதனைச் சோற்றுடன் உண்ணும் கறியாகவே கொள்கின்றனரன்றி உணவின் பின் உண்ணும் இனிப்பாகக் கொள்வதில்லை என்று கூறி, அது காய்கறியே எனத் தீர்ப்பளித்தனர். வெற்றிலை காய்கறியா என்ற வினா 1961 இல் இந்திய உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அது விற்பனை வரி வழக்கு, நியாயம் ஒன்றே. சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிவா என்றால் எவரும் வெற்றிலை வாங்கி வருவதில்லை என்னும் உலக வழக்கையே நீதிமன்றம் அளவுகோலாகக் கொண்டது. சிறு போத்தலில் அடைத்த தேங்காயெண்ணெய் சமையலுக்கா, கூந்தலுக்கா என்று சேலத்தில் எழுந்த வழக்கும் அந்நீதிமன்றத்திலே 2018 இல் இரு நீதிபதிகளிடையே இரு கருத்தாகப் பிளவுபட்டு, 2024 டிசம்பரிலேதான் மூவர் முன்னிலையில் முடிவெய்தியது. சிறு போத்தலில் அடைத்த காரணத்தால் மாத்திரம் உண்ணும் எண்ணெய் கூந்தல் எண்ணெயாகிவிடாது என்பதே தீர்ப்பு.

இவ்வழக்குகளிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. கற்றறிந்த நீதிபதிகளே ஒரு பொருளின் பெயரில் வேறுபடுவரெனின், ஒரு சிறு வியாபாரி வேறுபட்டு எழுதியதைக் குற்றமெனக் கருதுதல் நீதியாகாது என்பது ஒன்று. நீதிமன்றம் வரை சென்று தன் பொருளின் பெயரை நிலைநாட்டப் பணமும் காலமும் படைத்தவனுக்கே இயலும் என்பது மற்றொன்று. அமெரிக்காவிலே போர்ட் மோட்டார் நிறுவனம் சரக்கு வாகனங்களைப் பின்னாசனம் பொருத்திப் பயணிகள் வாகனமெனக் கொண்டுவந்து, துறைமுகம் கடந்ததும் அவ்வாசனங்களைக் கழற்றியது. ஒன்றுக்குத் தீர்வை நூற்றுக்கு இரண்டரை, மற்றதற்கு இருபத்தைந்து. 2019 இல் மேன்முறையீட்டில் தோற்று, 2024 இல் 36 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்த அந்நிறுவனம் இணங்கியது. ஆண்டாண்டாக வழக்காடும் வல்லமை அதற்கிருந்தது. பரந்தன் சந்தியில் நாலு பெட்டிப் பொருளுக்குக் கடன்பட்டு முதலிட்ட இளைஞனுக்கு அவ்வல்லமை ஏது? பெட்டி துறைமுகத்தில் தங்கும் ஒவ்வொரு நாளும் அவனுடைய முதலை அரித்துத் தின்னும். ஆகவே, சொன்ன எண்ணை ஏற்றுக் கேட்ட பணத்தைக் கட்டிவிட்டு அவன் வெளியேறுகின்றான். அதனை இசைவு என்று சொல்லலாகாது; இயலாமை என்றே சொல்ல வேண்டும்.

கணினி மேசை கமக்காரனுக்கு எதற்கு என்று எமது வயல்வெளி வாசகர் இதனை அப்பால் வைத்துவிட வேண்டாம். சுட்டித் தட்டுக்கு நேர்வதே நெற்களத்துப் படங்குக்கும் நேர்கின்றது. படங்கு துணியா, பிளாஸ்ரிக்கா? துணிப் படங்குக்கு 63 ஆம் அத்தியாயத்திலே தனித் தலைப்பு உண்டு. ஆனால், இன்றைய படங்கு பருத்தியால் நெய்ததன்று. பிளாஸ்ரிக் நாடாவால் நெய்தது. அந்நாடாவின் அகலம் 5 மில்லிமீற்றருக்கு மேற்படாவிடின் அது துணி நூலாகக் கொள்ளப்படும். மேற்பட்டால் பிளாஸ்ரிக்காகக் கொள்ளப்படும். நெய்த துணியின் இருபுறமும் கண்ணுக்குத் தெரியும்படி பிளாஸ்ரிக் பூசப்பட்டிருந்தால் கணக்கு மீண்டும் மாறும். உரமும் நெல்லும் அடைக்கும் நாடாச் சாக்கு துணியா, பிளாஸ்ரிக்கா என்று இந்தியாவில் வழக்காடி, பிளாஸ்ரிக்கே என 1990 இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரணைமடுவின் நீரை நம்பி விதைத்து, அறுவடை வேளையில் மழை இருட்டக் கண்டு படங்குக்கு ஓடும் கமக்காரன், தான் வாங்கும் படங்கின் விலைக்குள் இத்தனை வழக்குகள் மடிந்து கிடப்பதை அறிவானா?

இன்னுமொன்று. குறியீடு தீர்வையை மாத்திரம் தீர்மானிப்பதில்லை. பொருள் நாட்டுக்குள் வரலாமா, கூடாதா என்பதையும் தீர்மானிக்கின்றது. 1969 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வெளியாகும் ஒழுங்குவிதிகள் பொருள்களைக் குறியீட்டு எண்களாலேயே நிரற்படுத்துகின்றன. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டபோது வர்த்தமானியில் வந்தவை எண்களே. அவ்வெண்கள் வன்னியின் வயல்களிலே மஞ்சளித்த பயிராக முளைத்ததை எமது கமக்காரர் கண்ணாரக் கண்டனர். அதே ஆண்டு நவம்பரிலே தடை தளர்த்தப்பட்டபோது, பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. 2022 ஆகஸ்டில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் ஏறத்தாழ 300 வகைப் பண்டங்கள் இடைநிறுத்தப்பட்டபோதும், பின்னர் படிப்படியாக அவை விடுவிக்கப்பட்டபோதும், பேசியவை எண்களே. எண்ணை அறியாதவன் தன் தலைவிதியை அறியாதவனாகின்றான்.

எண்ணைக் கொண்டு தீங்கு செய்யலாம் என்பது போலவே நன்மையும் செய்யலாம். வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். உலகப் பொது அட்டவணையின் ஆறு இலக்கங்களில் பெரிய வெங்காயமும் சின்ன வெங்காயமும் ஒரே வரியில் அடங்குகின்றன. ஆனால், யாழ்ப்பாணத்தானும் வன்னியானும் பயிரிடும் சின்ன வெங்காயம் வேறு, தம்புள்ளையில் விளையும் பெரிய வெங்காயம் வேறு என்பதை இந்நாடு அறிந்திருந்தது. ஆகவே, 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ் அவ்விரண்டும் தனித்தனியே பெயர் குறிக்கப்பட்டுத் தனித்தனியே அறவீடு விதிக்கப்பட்டது. மனமிருந்தால் கடைசி இரண்டு இலக்கங்களால் ஒரு கமக்காரனுக்குக் குடை பிடிக்கலாம் என்பதற்கு இது சான்று. வெங்காயத்துக்குப் பிடித்த குடையைத் தையற் பொறிக்கும் பிடித்தால் என்ன என்பதே எமது வினா.

ஆம், தையற் பொறி! 2009 இல் யுத்தம் ஓய்ந்தபின், குடும்பத் தலைவரை இழந்த எமது பெண்களுக்கு வாழ்வாதாரம் என்ற பெயரிலே வழங்கப்பட்ட பொருள்களில் முதன்மையானவை கோழியும் ஆடும் தையற் பொறியுமே. பொறியைக் கொடுத்தோர் பலர்; அதிலே என்ன தைப்பது, தைத்ததை எவர் வாங்குவர் என்று சிந்தித்தோர் சிலர். பள்ளிச் சீருடைக் காலம் கடந்தால் பொறி மௌனமாகிவிடுகின்றது. கணினித் தூசுறை, மடிக்கணினிப் பை, சுட்டித் தட்டு, முதுகணை ஆகியவற்றைத் தைக்கப் பெருந்தொழிற்சாலை தேவையில்லை. இறப்பர் இந்த நாட்டிலே விளைகின்றது. கையும் உண்டு, பொறியும் உண்டு, பாடசாலைகளும் காரியாலயங்களுமாக வாங்குவோரும் உண்டு. கண்டாவளையில் ஒரு பெண் இத்தொழிலைத் தொடங்குகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு வேண்டிய துணி, துணி என்ற பெயரிலே தீர்வை கட்டி வருகின்றது. பல்லிணைப்பூட்டும் நூலும் தத்தம் பெயரிலே தீர்வை கட்டி வருகின்றன. ஆனால், அவள் தைக்கும் அதே பொருள் வெளிநாட்டில் தைக்கப்பட்டுக் "கணினித் துணைப்பொருள்" என்ற சலுகைப் பெயரைச் சூடி உள்ளே நுழையுமாயின், அவள் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் விலையிலே தோற்பாள். அவளைத் தோற்கடித்தது அயல்நாட்டவனின் திறமையன்று. ஒரு பத்திரத்தில் எழுதப்பட்ட நான்கு இலக்கங்களே.

கணினிக்குச் சலுகை காட்டுவதை நாம் எதிர்ப்பதாக எவரும் கொள்ளலாகாது. 1996 ஆம் ஆண்டு சிங்கப்பூரில் உருவான தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டின்படி பல நாடுகள் கணினிப் பொருள்களின் தீர்வையை நீக்கின. கல்விக் கருவி மலிவாக வருதல் நன்றே. கருவிக்குரிய சலுகை கருவிக்கே செல்லட்டும். அதன் நிழலில் ஒளிந்து வரும் தைத்த துணிக்குச் செல்லலாகாது என்பதே எமது கருத்து. அவ்வாறே, பொய்ப் பெயரெழுதி வரி ஏய்க்கும் பெருவணிகருக்கும் நாம் வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள் ஏய்க்கும் ஒவ்வொரு ரூபாயும் நேர்மையாய்க் கட்டியவனின் தலையிலே சுமத்தப்படுகின்றது. ஏய்ப்பவன் வேறு, அறியாது எழுதியவன் வேறு என்று பிரித்தறியும் தராசு வேண்டும் என்பதே எமது கோரிக்கை.

அத்தராசு எமது மண்ணுக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலை முன்றிலிலே பொருள்களை அளந்து புலிப்பொறி இட்டோரைப் பற்றிப் பட்டினப்பாலை பேசுகின்றது. முதலாம் குலோத்துங்கனைச் சுங்கந்தவிர்த்த சோழன் என்று மக்கள் நினைவுகூர்ந்தனர். இவற்றினும் எமக்கு அணித்தாய் நிற்பது நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள கல்வெட்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு என்பது அதன் சாரம். இது கெட்ட கலத்துக்குரிய விதியேயன்றி இறக்குமதித் தீர்வையன்று என்பதை நாம் அறிவோம். எனினும் அதிலே மூன்று பண்புகளைக் காண்கின்றோம். பொருள்களின் வகை முன்னரே பிரித்துச் சொல்லப்பட்டது. வகைக்குரிய பங்கு முன்னரே அறிவிக்கப்பட்டது. வணிகரும் துறைமுகத்தாரும் அறியும்படி அது தமிழிலே, கல்லிலே வெட்டப்பட்டது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் பொலனறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன் வடபுலத் துறையிலே தமிழிற் சொன்னதை, இன்றைய கொழும்பு தமிழிற் சொல்ல முடியாதா?

முடியும் என்கின்றது சட்டம். 1987 இன் 13 ஆம் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. 1988 இன் 16 ஆம் திருத்தத்தின்படி, நாட்டின் எப்பாகத்திலும் குடிமகன் அரச அலுவலகத்தோடு தமிழிற் கருமமாற்றும் உரித்துடையவன். சட்டங்களும் அவற்றின் கீழான விதிகளும் சிங்களத்தோடு தமிழிலும் வெளிவர வேண்டும். ஆனால், தீர்வை அட்டவணையின் உயிர் எண்களில் இல்லை. அவற்றை விளக்கும் குறிப்புக்களிலே இருக்கின்றது. உலகச் சுங்க அமைப்பின் அதிகாரபூர்வ விளக்கக் குறிப்புக்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலுமே உள்ளன. 1956 இலே மொழியின் பேரால் எமக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பாராளுமன்றத்திலும் வீதியிலும் எதிர்த்தோம். இன்று மொழி உரிமை ஏட்டில் ஏறிய பின்னரும், அது சுங்கத்தின் படிவத்தில் இறங்காதிருக்குமாயின், வாசலைத் திறந்துவிட்டு அறையைப் பூட்டிய கதையாகவே முடியும்.

ஆகவே, அரசாங்கத்திடம் நாம் வேண்டுவன இவை. முதலாவதாக, பொருளைக் கப்பலேற்று முன்னரே அதன் மாதிரியை அனுப்பி, உரிய எண்ணை எழுத்து மூலம் பெறும் வழி எளியவனுக்கும் திறக்கப்பட வேண்டும். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது. 2017 பெப்ரவரி 22 இல் அது உலகளவில் நடைமுறைக்கு வந்தது. அதன் மூன்றாம் உறுப்புரை கூறுவதே இந்த முன்தீர்மானம். ஒருமுறை கொடுத்த தீர்மானம் அதே பொருளுக்குச் சுங்கத்தைக் கட்டுப்படுத்தும். இந்த வசதி தலைநகரத்துப் பெரு இறக்குமதியாளர் அறிந்த இரகசியமாக இருத்தலாகாது. கிளிநொச்சி மாவட்டச் செயலகத்தினூடாகவோ பிரதேச செயலகங்களினூடாகவோ, குறித்த நாளெல்லைக்குள், சிறு கட்டணத்தில் அது கிடைத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, வழங்கப்படும் தீர்மானங்கள் யாவும், மனுதாரரின் பெயர் நீக்கி, காரணங்களுடன் மும்மொழியிலும் பிரசுரிக்கப்பட வேண்டும். ஒரு சுட்டித் தட்டுக்கு ஒரு முறை கூறிய நியாயம் அடுத்த தட்டுக்கும் வழிகாட்டட்டும். மூன்றாவதாக, உண்மையை மறைக்காது, பொருளை உள்ளபடி விவரித்து, எண்ணில் மாத்திரம் வேறுபட்டவனிடம் குறைந்த தீர்வையை அறவிடலாம். ஆனால் அவனைக் குற்றவாளியாக்கித் தண்டம் விதித்தலாகாது. 1869 ஆம் ஆண்டின் சுங்கக் கட்டளைச் சட்டம் ஆங்கிலேயர் காலத்தது. தண்டப் பணத்தின் ஒரு பங்கு அதிகாரிகளுக்கு வெகுமதியாகும் முறையும் நெடுங்காலமாகக் கண்டனத்துக்குள்ளாகி வந்தது. தீர்ப்பளிப்பவர் தீர்ப்பினாற் பயனடைதல் எந்த நீதி நூலுக்கும் ஒவ்வாதது. நான்காவதாக, இந்நாட்டில் சிறு கைகளால் தைக்கக்கூடிய கணினி உறை, பை, தட்டு, அணை போன்றவற்றுக்குக் கடைசி இரண்டு இலக்கங்களில் தனி வரிகள் திறக்கப்பட வேண்டும். முடிந்த பொருளின் தீர்வை, அதன் மூலப்பொருளின் தீர்வைக்குக் கீழே செல்லாதவாறு காக்கப்பட வேண்டும்.

அரசைக் கேட்டுவிட்டு நாம் கைகட்டி இருத்தல் தகாது. எமது சட்டத்தரணிகளும் கணக்காளரும் பொறியியலாளரும் ஆசிரியரும் இவ்விடயத்தில் செய்யக்கூடியது மிகுதி. கணினி மேசைப் பொருள்களும் விவசாயப் பொருள்களும் அடங்கிய அத்தியாயங்களையேனும் எளிய தமிழில் விளக்கிச் சிறு கைநூலாக்க அவர்களால் இயலும். அந்நூலை ஆக்க அறிவியல் நகரத்துப் பீடங்களில் அறிவு உண்டு. பரப்பக் கமக்காரர் அமைப்புக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு. கமக்காரரும் தாம் வாங்கும் உரத்துக்கும் படங்குக்கும் தெளிகருவிக்கும் என்ன எண், என்ன தீர்வை என்று கடைக்காரரைக் கேட்கப் பழகுதல் வேண்டும். கேட்பவன் இருக்குமிடத்தில் சொல்பவன் பொறுப்புடன் சொல்வான்.

வரி கட்ட எமது மக்கள் மறுத்தவரல்லர். உழைத்த பணத்திலே பங்கு கேட்கும் அரசு, அப்பங்கு எதற்காக, எவ்வளவு, எந்தப் பெயரின் கீழ் என்று முன்னரே, வெளிப்படையாக, அவர்களுடைய மொழியிலே சொல்லட்டும் என்பதே கேள்வி. இறக்குமதி செய்யும் இளைஞனுக்கு அது நட்டத்திலிருந்து காப்பு. தைக்கும் பெண்ணுக்கு அது சந்தையில் ஓர் இடம். கமக்காரனுக்கு அது நியாய விலை. பெயரிடும் அதிகாரம் சுங்கத்திடமே இருக்கட்டும். ஆனால், அப்பெயர் பொருள் வந்திறங்கிய பின்னர் கேட்கப்படும் அபராதமாக இராமல், வருமுன் அறிவிக்கப்படும் சட்டமாக இருக்கட்டும்.